பேனல் அடித்தும் ஏன் இரைகிறது ஆபீஸ்?

கன்டெய்னர் எண்ணில் நான்கு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். முதல் மூன்று எழுத்து பெட்டி யாருடையது என்று சொல்லும். நான்காவது பெரும்பாலும் ‘யூ’. பிறகு ஆறு இலக்க வரிசை எண். கடைசி இலக்கத்தை மட்டும் யாரும் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது அது. நடுவில் ஓர் எழுத்து மாறினாலும் பெரும்பாலும் கணக்கு இடிக்கும், தப்பு பிடிபடும். ஐஎஸ்ஓ 6346 என்ற சர்வதேசத் தரம் இப்படி ஒரு காவலை வைத்திருப்பதே, எண்ணைக் கேட்பவரும் எழுதுபவரும் தடுமாறுவார்கள் என்று தெரிந்ததால்தான்.

அந்தத் தடுமாற்றம் தினமும் நடக்கும் இடங்கள் சென்னை ஜார்ஜ் டவுனின் மண்ணடி, தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு. சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும், துறைமுகத்தை நம்பிய கிளியரிங் ஆபீஸ்களில் காலையில் ஆரம்பித்தால் இருட்டும் வரை போனில் இதே எண்கள்தான். “டி ஃபார் டெல்லியா, பி ஃபார் பாம்பேயா?” “கடைசி நாலு நம்பர் இன்னொரு வாட்டி சொல்லுண்ணா.” எதிர்முனையில் யார்டில் நிற்பவரைச் சுற்றி லாரிகள் உறுமுவது பாதிக் காரணம். மீதிப் பாதி, கேட்பவர் உட்கார்ந்திருக்கும் அறை. அந்த அறையின் இரைச்சலும், அதை அடக்கச் சுவரில் அடிக்கும் ‘அக்குஸ்டிக் பேனல்’ என்ற ஒலி உறிஞ்சும் பலகையும்தான் இங்கே பேச்சு.

ஒரே ஹாலை மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்வது இந்தத் தெருக்களுக்குப் புதிதில்லை. ஒரு மூலையில் கிளியரிங், இன்னொரு மூலையில் ஆடிட்டர், பிளைவுட் தடுப்புக்கு அப்பால், உயர் நீதிமன்றத்துக்கு நடந்து போகிற தூரத்தில் அறை வேண்டும் என்று வந்த வக்கீல். இப்போது பெரம்பூர், மாதவரம் பக்கமும் கோ-வொர்க்கிங் என்ற பெயரில் மேசை வாடகைக்குக் கிடைக்கிறது. 2024 நவம்பரில் கொளத்தூரில் அரசே ‘முதல்வர் படைப்பகம்’ என்ற பெயரில் மடிக்கணினியோடு வருகிறவர்களுக்கு ஒரு வேலைக்கூடத்தையும், தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு படிப்பகத்தையும் ஒரே கட்டடத்தில் திறந்தது. பகிர்ந்துகொள்ளும் ஆபீஸ் இனி வடசென்னையில் கூடத்தான் போகிறது. கூடவே ‘அக்குஸ்டிக் பேனல்’ விற்பவர்களும்.

பேனலைப் பற்றி வருகிற புகார் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: செலவு செய்து அடித்தோம், பார்க்க அழகாக இருக்கிறது, இரைச்சல் அப்படியே இருக்கிறது. பேனல் மேல் தப்பில்லை. ஓர் ஆபீஸில் மூன்று தனித்தனித் தொல்லைகள் இருக்கின்றன. அறைக்குள் எழும் பேச்சு சுவருக்குச் சுவர் மோதி அடங்காமல் முழங்குவது முதலாவது. தெருவிலிருந்து வண்டிச் சத்தம் உள்ளே வருவது இரண்டாவது. பக்கத்து மேசைக்காரர் பேசுவது ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுவது மூன்றாவது. சுவரில் அடிக்கும் பேனல் முதலாவதை நன்றாகவே தீர்க்கும். இரண்டாவதைத் தொடக்கூடத் தொடாது. மூன்றாவதில் அதன் வேலை விசித்திரமானது. தனியாக விட்டால் சில சமயம் தொல்லையை அதிகமாக்கும்.

முழக்கம் எங்கிருந்து வருகிறது

பழைய குமாஸ்தா ஆபீஸ் ஒன்றை நினைத்துப் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், மரக்கட்டை வரிசையும் செங்கல்லும் கொண்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, பதினான்கு அடி உயரம். சுவரும் தரையும் கெட்டி. அறையின் கொள்ளளவோ பெரிது. கணக்குப்படி பார்த்தால் அது முழங்கியிருக்க வேண்டிய அறை. ஆனால் தரையிலிருந்து பரண் வரை துணியில் கட்டிய காகிதக் கட்டுகள் இருந்தன. அடுக்கடுக்காகக் காற்று புகும் காகித விளிம்பும் துணியும் ஒலியைக் குடிக்கும் சரக்கு. யாரும் திட்டமிடாமல் சுவர் முழுக்கப் பேனல் அடித்திருந்த மாதிரிதான் அது. சுங்க வேலை கணினிக்குப் போய், கட்டுகள் கழிந்து, அதே இடத்தில் விட்ரிஃபைட் டைல், கண்ணாடித் தடுப்பு, லேமினேட் மேசை, ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் என்று வந்ததும் ஒலிக்குப் போக்கிடம் இல்லாமல் போனது.

பூசிய சுவர் தன்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். டைல் அதைவிடக் குறைவு. மீதி அத்தனையும் திரும்பி வரும். வாயிலிருந்து காதுக்கு நேராக வரும் ஒலிக்குப் பின்னால், சுவர், கூரை, தரை என்று சுற்றி வந்த நூற்றுக்கணக்கான நகல்கள் வந்து சேரும். முதல் 50 மில்லி விநாடிக்குள் வருபவற்றைக் காது மூலப் பேச்சோடு சேர்த்துக்கொள்ளும். அதனால் பேச்சுக்கு வலுகூடக் கிடைக்கும். அதற்கப்புறம் வருபவைதான் குழப்படி. உயிரோசைகள் நீளமானவை, வலுவானவை. மெய்யோசைகள் குட்டையானவை, மெலிந்தவை. முந்தைய உயிரின் வால் அடுத்த மெய்யின்மேல் விழுந்து அதை மூடிவிடும். கன்டெய்னர் எழுத்துகளில் இது எவ்வளவு மோசம் என்று பாருங்கள்: சி, டி, ஈ, ஜி, பி, வி எல்லாமே ஒரே ஈகாரத்தில் முடிகின்றன. வித்தியாசம் முழுவதும் தொடக்கத்தில் உள்ள மெய்யில், சில பத்து மில்லி விநாடிக்குள். அதைத்தான் அறை விழுங்குகிறது. அறுபதா எழுபதா என்ற குழப்பமும் இதே கதைதான்.

நேரில் பேசும்போது இரண்டு காதுகளும் மூளையும் சேர்ந்து இந்த முழக்கத்தில் பெரும்பகுதியைக் கழித்துவிடும். போனில் எதிர்முனைக்குப் போவது ஒரே மைக் பிடித்த ஒலி. அதனால்தான் அறையில் இருப்பவருக்கு “நல்லாத்தானே கேட்குது” என்று தோன்றும். வீடியோ காலில் இருப்பவருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதாகக் கேட்கும்.

கணக்கு

இதற்கு ஒரு கணக்கு உண்டு; காகிதத்திலேயே போடலாம். 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அறையில் பேராசிரியர்கள் பேசுவது ஒருவருக்கும் புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரத்தில் தூக்கிவந்து, அறையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி அடுக்கி, ஆர்கன் குழாயின் ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். காலி அறையில் அது ஐந்தரை விநாடி. மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அதிலிருந்து அவர் கண்டுபிடித்த விதி இன்றும் நிற்கிறது: அறையின் கன அளவைக் கன அடியில் எடுத்து 0.049ஆல் பெருக்கி, அறையில் உள்ள மொத்த உறிஞ்சும் பரப்பால் (ஒலியை முழுக்க விழுங்கும் பரப்பாக மாற்றிய சதுர அடியால்) வகுத்தால், ஒலியின் வலுவை அளக்கும் டெசிபல் கணக்கில் 60 இறங்க ஆகும் நேரம் விநாடியில் கிடைக்கும். இதை முழக்க நேரம் என்போம்.

நம்மூர் அளவில் ஓர் அறை எடுத்துக்கொள்வோம். 33 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயரம், 12 பேர். கன அளவு 6,600 கன அடி, 0.049ஆல் பெருக்கினால் 323. டைல் தரை 660 சதுர அடி என்றாலும் உறிஞ்சுவதில் அது 13 சதுர அடிக்குத்தான் சமம். கூரை 20, சுவரும் கண்ணாடியும் சேர்ந்து 42 என்று வைப்போம். ஆட்களே நல்ல உறிஞ்சிகள். உடம்பும் உடையும் சேர்த்து ஆளுக்கு 5 சதுர அடி, மொத்தம் 60. நாற்காலி, பை, ஃபைல் என்று 35. கூட்டினால் 170. 323ஐ 170ஆல் வகுத்தால் 1.9 விநாடி. போன் பேசிப் பிழைக்கும் ஓர் ஆபீஸுக்கு இது மிக அதிகம், 0.8 விநாடிக்குள் இருப்பது நல்லது, வீடியோ கால் அதிகம் என்றால் 0.6.

இன்டீரியர் செய்பவர் வந்து ஒரு சுவரில் அறுகோண ஃபெல்ட் (அழுத்திய நார்த்துணி) துண்டுகளைத் தேன்கூடு மாதிரி ஒட்டுகிறார். மொத்தம் 20 சதுர அடி. 9 மில்லிமீட்டர் ஃபெல்ட் தன்மேல் விழுவதில் சராசரியாக நூற்றுக்கு நாற்பதை எடுக்கும் என்று வைத்தால், கூடியது வெறும் 8. நம் 170 இப்போது 178; 1.9 விநாடி 1.8 ஆயிற்று. இதற்குத்தான் அந்த பில். 0.8 விநாடிக்கு வர மொத்தம் 404 வேண்டும், அதாவது இன்னும் 234. நூற்றுக்கு எண்பத்தைந்து எடுக்கும் கனமான பேனலாக இருந்தால் 275 சதுர அடி. இரண்டுக்கு நாலு அடிப் பேனல் முப்பத்தைந்து. மெல்லிய ஃபெல்ட் என்றால் 585 சதுர அடி. ஜன்னலும் கதவும் அலமாரியும் போக அந்த அறையில் அவ்வளவு சுவர் கிடையாது.

ஆகவே கண் முதலில் போக வேண்டியது கூரைக்கு. 660 சதுர அடி சும்மா கிடக்கிறது. இரண்டுக்கு இரண்டு அடிச் சட்டத்தில் மினரல் ஃபைபர் ஓடு போட்டு, அது நூற்றுக்கு அறுபது எடுத்தாலே 396 வந்துவிடும். சுவரில் ஒன்றும் அடிக்காமலே முழக்க நேரம் 0.6க்கு வந்துவிடும். ‘ஃபால்ஸ் சீலிங் இருக்கிறதே’ என்பார்கள். இருப்பது வழவழப்பான ஜிப்சம் போர்டு. பேச்சொலிக்கு அதுவும் சுவர்தான். லைட்டுக்கு வளைவு வளைவாக வெட்டிச் செய்யும் செலவில் பாதியை அந்த ஓடுகளுக்குக் கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றாத ஆபீஸ் குறைவு.

கூரை வேலை முடிந்தாலும், எதிரெதிரே வெறும் சுவர் இரண்டு நின்றால் ஒலி அவற்றுக்கு நடுவே படுக்கைவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் நின்று ஒரு கைதட்டுத் தட்டினால் ‘ட்ர்ர்ர்’ என்று நடுங்கும் வால் கேட்கும். அங்கேதான் சுவர்ப் பேனலுக்கு நிஜமான இடம். எதிரெதிர்ச் சுவர் இரண்டிலும் அடிக்கத் தேவையில்லை. ஜோடிக்கு ஒன்று போதும், பக்கத்துப் பக்கத்துச் சுவர்கள் இரண்டு. உயரம், உட்கார்ந்தவர் வாயும் நின்றவர் காதும் இருக்கும் மட்டம்: தரையிலிருந்து மூன்றடிக்கும் ஆறரை அடிக்கும் நடுவில். கூரையை ஒட்டி அழகுக்கு ஒரு பட்டை ஒட்டுவது வீண்.

தடிமனும் இடைவெளியும்

பேனல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதி ஏமாற்று குறையும். ஒலி என்பது காற்றின் முன்பின் ஆட்டம். நார் அடர்ந்த பொருளின் துளைகளுக்குள் அந்தக் காற்று உரசி உரசி ஆற்றலை இழக்கிறது. அது சொற்ப வெப்பமாகிவிடுகிறது. ஆனால் கெட்டிச் சுவரை ஒட்டிய இடத்தில் காற்று ஆட முடியாது. சுவரிலிருந்து கால் அலைநீளத் தூரத்தில்தான் ஆட்டம் உச்சம். விநாடிக்கு 2,000 முறை ஆடும் ஒலிக்கு, அதாவது 2,000 ஹெர்ட்ஸுக்கு, அந்தத் தூரம் ஒன்றே முக்கால் அங்குலம்; 500 ஹெர்ட்ஸுக்கு ஏழு அங்குலம். சுவரோடு ஒட்டிய 9 மில்லிமீட்டர் ஃபெல்ட், காற்று அசையாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. உச்ச ஒலிகளை மட்டும் பிடிக்கும். விளைவு, மெய்யோசைக்கு உயிர் கொடுக்கும் கூர்மை போய், ஆண்குரலின் அடிமுழக்கம் மட்டும் மிஞ்சும். முன்னைவிட மங்கலாக, ஆனால் அதே அளவு முழங்கும் அறை.

ஒன்று, இரண்டு அங்குலத் தடிமனில் கிளாஸ் வுல் (கண்ணாடி நார்) அல்லது ராக் வுல் (பாறை நார்) நிரப்பிய துணிப் பேனல் வாங்க வேண்டும். இல்லையென்றால் ஓர் அங்குலப் பேனலை மரச் சட்டத்தில் ஏற்றிச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்ட வேண்டும். பின்னால் உள்ள காற்றிடைவெளி காசில்லாமல் கிடைக்கும் தடிமன். ஜார்ஜ் டவுனின் பழைய கட்டடங்களில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுண்ணாம்புப் பூச்சில் துளை போட்டால் ஆணி நிற்காமல் பொடியாக உதிரும். நான்கு உறுதியான இடங்களில் மட்டும் ரீப்பர் சட்டத்தை முடுக்கிவிட்டு, பேனல்களை அதில் மாட்டுவதே சுவருக்கும் நல்லது. கட்டை வரிசைக் கூரை என்றால், கட்டைகளுக்கு நடுவே செங்குத்தாகத் தொங்கும் பேனல்களைக் கொக்கியில் மாட்டலாம்; மின்விசிறிக்கும் இடம் விட்டுப்போகும், அழகான பழைய கூரையும் மறையாது.

விற்பவர் காட்டும் எண் என்ஆர்சி. 250, 500, 1,000, 2,000 ஹெர்ட்ஸ் நான்கிலும் ஒரு பொருள் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதன் சராசரி அது. 0.85 என்றால் எண்பத்தைந்து விழுக்காடு. இந்த எண்ணைக் கேட்பது போதாது; எப்படி மாட்டிச் சோதித்தார்கள் என்று கேட்க வேண்டும். பரிசோதனைச் சீட்டில் ‘ஏ’ என்று இருந்தால் நேரே ஒட்டிச் சோதித்தது. ‘இ-400’ என்றால் பின்னால் 400 மில்லிமீட்டர் இடைவெளி விட்டது, அதாவது கூரையில் தொங்கவிடுவதற்கான கணக்கு. அந்தச் சீட்டைக் காட்டிச் சுவரில் ஒட்ட விற்பவர்கள் உண்டு. விலை ஒப்பிடும்போது சதுர அடி விலையை என்ஆர்சியால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு 100 ரூபாய்க்கு 0.4 என்பது, 180 ரூபாய்க்கு 0.85 என்பதைவிட விலை கூடுதல்.

மேலே போர்த்தும் துணி ஒலியைத் தடுக்கக் கூடாது. கோடவுன் தெருவில் துணி எடுப்பவர்களுக்கு ஒரு சோதனை போதும்: துணியை வாயில் வைத்து ஊத வேண்டும், காற்று தாராளமாகப் போனால் சரி. ரெக்சினும் பிளாஸ்டிக் பூச்சுத் துணியும் ஆகாது. இரண்டு வருஷம் கழித்து அழுக்காகிவிட்டது என்று பேனலுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். துளைகளை மூடிய பிறகு அது பேனல் இல்லை, படம் மாட்டாத சட்டம். முட்டை அட்டையைப் பற்றியும் கேட்பார்கள். மெல்லிய காகிதக்கூழ், உறிஞ்சுவது அற்பம், தீப்பிடித்தால் அணைப்பதற்குள் போய்விடும். அவ்வளவுதான்.

தெரு உள்ளே வரும்போது

ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000இல் வந்தன. வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெசிபல், இரவில் 55. ராஜாஜி சாலையிலோ எண்ணூர் நெடுஞ்சாலையிலோ ஜன்னலைத் திறந்து வைத்திருப்பவருக்கு அந்த எண்ணைப் படித்தால் சிரிப்பு வரும். கன்டெய்னர் டிரெய்லர் முதல் கியரில் இழுக்கும்போது எழும் உறுமலில் பெரும்பகுதி 125 ஹெர்ட்ஸுக்குக் கீழே. 125 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஒன்பது அடி. கால் பங்கே இரண்டேகால் அடி. எந்தச் சுவர்ப் பேனலும் அதைப் பிடிக்காது. பிடித்தாலும் பயனில்லை, ஒலி ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது.

வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது எடையின் வேலை, அடைப்பின் வேலை. தடுப்பின் எடை இரட்டித்தால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். ஆனால் எடைக்கு முன்னால் சந்து. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி தொண்ணூற்றொன்பதும் கோட்டைச் சுவராக இருந்தாலும் 20 டெசிபலுக்குமேல் குறைக்க முடியாது. நம் ஆபீஸ்களின் அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் ஓடும் தடத்தில், ஏசி குழாய்க்குப் போட்டு அடைக்காமல் விட்ட ஓட்டையில், கதவுக்குக் கீழே விரல் நுழையும் இடைவெளியில் தெரு முழுக்க உள்ளே வருகிறது. ரப்பர் பட்டை, சிலிகான், கதவடிப் பட்டை. பேனலுக்குக் கொடுத்த காசில் சொற்பம். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் ஸ்லைடிங்கை விட்டுவிட்டு, இறுக்கிச் சாத்தும் கீல் ஜன்னலும் நடுவில் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடியும். கொசுவுக்கும் தூசுக்கும் அடைத்தது ஒலிக்கும் உதவும் என்று பாதி பேருக்கு இதை ஏற்றுக்கொள்ள வைக்கலாம்.

வக்கீல் அறையின் பிரச்சினை இதே குடும்பம். கட்சிக்காரர் தாழ்ந்த குரலில் சொல்வது பக்கத்து ஆடிட்டருக்குக் கேட்கிறது. உடனே அறைக்குள் பேனல் அடிக்கிறார்கள். போய் ஃபால்ஸ் சீலிங்கின் ஓடுகளில் ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்: பிளைவுட் தடுப்பு சீலிங்கோடு நின்றுவிட்டது, அதற்குமேல் கான்கிரீட் வரை இரண்டடி திறந்த வெளி. பேச்சு மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறது. தடுப்பைக் கான்கிரீட் வரை ஏற்றி, இரண்டு பக்கப் பலகைக்கும் நடுவில் கிளாஸ் வுல் நிரப்பி, விளிம்பை அடைத்தால்தான் அந்தரங்கம். தடுப்பதற்கான எண் எஸ்டிசி, உறிஞ்சுவதற்கான எண் என்ஆர்சி. ஒன்று மற்றதற்கு ஈடாகாது. ‘சவுண்ட் ப்ரூஃப் பேனல்’ என்று ஒரு கடைக்காரர் இரண்டையும் ஒன்றாக்கிச் சொன்னால் அவரிடம் எஸ்டிசி எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

பக்கத்து மேசை

தொழிற்சாலைகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது நம் நாட்டு வரம்பு. காது கெடாமல் இருக்க வைத்த எல்லை அது. பின்னி மில் தறிச்சத்தத்தையும் ரயில் பெட்டிப் பட்டறையையும் பார்த்த பெரம்பூர்க்காரரிடம் போய் ஆபீஸ் இரைச்சலைப் பற்றிப் புலம்பினால் அவர் மதிக்க மாட்டார். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் 60 டெசிபல்தான். அதனால் காது கெடாது. வேலை கெடும்.

1976இல் கோல், வெல்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள், வரிசையாகக் காட்டிய எழுத்துகளை நினைவில் வைத்துத் திரும்ப எழுதச் சொன்னார்கள். பின்னணியில் யாரோ ஜெர்மன் மொழியில் படித்துக்கொண்டிருந்தார். கேட்டவர்களுக்கு ஜெர்மன் தெரியாது. இருந்தும் பிழை கூடியது. பொருள் புரியாத பேச்சுகூட, வரிசையாக எதையாவது மனதில் தாங்கும் வேலையைக் குலைக்கிறது. மண்ணடியிலும் சௌகார்பேட்டையிலும் தமிழ், உருது, தெலுங்கு, மார்வாடி எல்லாம் ஒரே ஹாலில் கலந்து ஓடும். “எனக்கு அந்தப் பாஷை புரியாது, அதனால் தொல்லையில்லை” என்பது செல்லாது. பதினொரு எழுத்து எண்ணைக் காதில் வாங்கித் திரையில் அடிக்கும் வரை மனதில் பிடித்திருப்பதைவிட வரிசை நினைவைக் கேட்கும் வேலை வேறென்ன?

இதோடு இன்னொன்று சேர்கிறது. சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர் தன்னை அறியாமல் குரலை உயர்த்துவார். எட்டியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் இதைப் பதிவு செய்தார். ஒருவர் உயர்த்தினால் அடுத்தவர் உயர்த்துவார். நம் உதாரண அறையில் உறிஞ்சும் பரப்பை 170லிருந்து 404ஆகக் கூட்டினால், தேங்கும் ஒலி நேரடியாகக் குறைவது 4 டெசிபலுக்கும் கொஞ்சம் கீழேதான். காகிதத்தில் சின்ன எண். ஆனால் தன் குரல் தனக்கே தெளிவாகக் கேட்பதால் ஒவ்வொருவரும் கொஞ்சம் தணிந்து பேசுவார்கள். உண்மையான லாபம் அந்த இரண்டாவது சுற்றில் வருகிறது.

சிக்கலும் இங்கேதான். முழக்கம் என்பது தொல்லைதான் என்றாலும், தூரத்துப் பேச்சைக் குழப்பி மறைக்கும் திரையாகவும் இருந்தது. அறை உலர்ந்து அமைதியானதும் பத்தடி தள்ளி ஆடிட்டர் சொல்லும் வரிக்கணக்கு ஒவ்வொரு ரூபாயாகக் கேட்க ஆரம்பிக்கும். ‘முன்னே சத்தம்தான் இருந்தது, இப்போ பேச்சு கேட்குது’ என்று சொல்வது இதனால்தான். திறந்த ஆபீஸ்களை அளக்கும் ஐஎஸ்ஓ 3382-3 என்ற தரம் இதைச் சரியாகப் பிடித்தது. அது முழக்க நேரத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருவர் பேசும்போது எவ்வளவு தூரம் தள்ளிப் போனால் அவர் பேச்சு கவனத்தைக் கலைக்காத அளவுக்குத் தெளிவிழக்கிறது என்று கேட்கிறது. 2012இல் வெளியான பதிப்பின் இணைப்பில் 5 மீட்டருக்குள் என்றால் நல்ல ஆபீஸ், 10 மீட்டரைத் தாண்டினால் மோசம். நம் உதாரண அறையின் நீளமே 10 மீட்டர்தான். மோசமானால் ஒரு கோடியில் பேசுவது மறு கோடிவரை கலைக்கும்.

அந்தத் தூரத்தைக் குறைக்க மூன்று சேர வேண்டும். தலைக்குமேல் உறிஞ்சும் கூரை. மேசைகளுக்கு நடுவே, உட்கார்ந்தவர் தலையை மறைக்கும் நாலரை அடி உயரத் தடுப்பு. கண்ணாடியாக இல்லாமல் நார் நிரப்பிய துணித் தடுப்பு. மூன்றாவது, கொஞ்சம் மெல்லிய, சீரான பின்னணி ஒலி. வெளிநாட்டு ஆபீஸ்களில் இதற்கென்று ஸ்பீக்கர் வைக்கிறார்கள். நம்மூரில் ஏசியும் மின்விசிறியும் பெரும்பாலும் 40, 45 டெசிபலுக்குக் காசில்லாமல் இந்த வேலையைச் செய்கின்றன. சத்தம் போடாத இன்வெர்ட்டர் ஏசி வாங்கிய மறுநாள் பக்கத்து மேசை திடீரென்று கேட்க ஆரம்பித்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

போன் பேசுவோரை ஒரே பக்கம் உட்கார வைப்பதும், அவர்கள் முகம் பார்க்கும் சுவரில் முதல் பேனலை அடிப்பதும் எந்த எண்ணும் இல்லாமல் செய்யக்கூடியது. வாய் எந்தப் பக்கமோ பேச்சின் கூர்மை அந்தப் பக்கம். முதுகுக்குப் பின்னால் பேனல் வைத்துவிட்டு முகத்துக்கு நேரே கண்ணாடியை விட்டால், கண்ணாடி அத்தனையையும் ஹாலுக்குத் திருப்பிவிடும்.

தீ, உப்பு, வாடகை

ஒன்றை மட்டும் சமரசமில்லாமல் சொல்ல வேண்டும். முட்டை அட்டை வடிவக் கறுப்பு ஃபோம் மலிவாகக் கிடைக்கிறது. யூடியூப் ஸ்டுடியோ மாதிரி இருக்கும் என்று ஒட்டுகிறார்கள். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ‘தி ஸ்டேஷன்’ என்ற இசைக்கூடத்தில், மேடையில் விட்ட வாணப்பொறி சுவரில் ஒலிக்காக ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் பட்டது. 100 பேர் இறந்தார்கள். 2013 ஜனவரியில் பிரேசிலின் சான்டா மரியாவில் ‘கிஸ்’ கூடத்தில் இதே காரணம், 242 பேர். எரியும் வேகத்தோடு அந்தப் புகையின் நஞ்சும் சேர்ந்து ஆளைக் கொன்றது. ஒற்றை மரப்படிக்கட்டும், தீயணைப்பு வண்டி வளைய முடியாத சந்தும், சுவரெல்லாம் தொங்கும் மின்கம்பியும் உள்ள ஜார்ஜ் டவுன் மாடியில் இதை ஒட்டக் கூடாது. கிளாஸ் வுல்லும் ராக் வுல்லும் எரியாது. ஆனால் மேலே போர்த்தும் துணிக்கும் ஒட்டும் பசைக்கும் சேர்த்தே தீச் சான்று கேட்க வேண்டும். பாலியெஸ்டர் ஃபெல்ட்டில் தீத்தடுப்புச் செய்ததும் உண்டு, செய்யாததும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

கடலோரம் என்பதால் இன்னும் சில. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூரில் உப்புக்காற்று சாதாரண இரும்பு கிளிப்பைச் சீக்கிரம் தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகோ அலுமினியமோ நல்லது. மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் சட்டம் வைத்த பேனல் மழைக்காலத்தில் உப்பும். ஓதம் ஏறும் சுவரில் எந்தப் பேனலும் நேரே ஒட்டக் கூடாது. பின்னால் பூஞ்சை படர்ந்து வாடை வரும்வரை தெரியாது. இதற்கும் அந்த இரண்டங்குல இடைவெளிதான் மருந்து. தென்னை நார்ப் பலகை நம்மூர்ச் சரக்கு, நன்றாக உறிஞ்சும், ஆனால் ஈரமும் கரையானும் தீயும் மூன்றும் அதற்குப் பகை; பக்குவம் செய்யாமல் மாட்ட வேண்டாம்.

கடைசியாக, பெரும்பாலும் பதினொரு மாத ஒப்பந்தம். பசையில் ஒட்டிய பேனல் கழற்றும்போது பூச்சோடு வரும். அந்தப் பூச்சு வேலைக்கான காசை உரிமையாளர் அட்வான்ஸில் பிடிப்பார், பேனலும் கிழிந்துபோகும். கொக்கியில் மாட்டியது, சட்டத்தில் தொங்கியது, காலூன்றி நிற்கும் தடுப்பு ஆகியவை உங்களோடு அடுத்த இடத்துக்கு வரும். மூன்று பங்காளிகள் சேர்ந்து காசு போடுகிற ஹாலில், யார் போனால் எந்தப் பேனல் யாருக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்வதும், மினரல் ஃபைபர் கூரையை உரிமையாளர் செலவில் போடச் சொல்லி வாடகையில் கழிக்கக் கேட்பதும் சாவி வாங்குவதற்கு முன்னால் பேச வேண்டியவை.